கதவுக்குப் பின்னால் அரை நிமிடம்

பல்கலைக்கழக நாடகத் துறையின் அரங்குக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்று உண்டு. மேடையில் நிற்கிற சுவர், படிக்கட்டு, ஜன்னல் எல்லாம் அங்கேதான் பிறக்கும். பத்தொன்பது வருஷமாக அவற்றைச் செய்துகொடுக்கிற தச்சருக்கு மாணவர்கள் வைத்த பெயர் பட்டறை அண்ணன். ஐம்பத்து நாலு வயதிலும் அண்ணன் என்றுதானே கூப்பிடுகிறார்கள் என்று அவருக்கு உள்ளூர ஒரு குஷி.

அவரிடம் ஒரு வித்தை இருந்தது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளைப் பத்து நாள் பார்த்தால் போதும், யாருக்கு நடிப்பு வரும், யாருக்கு வராது என்று கண்டுபிடித்துவிடுவார். வசனம் பேசும்போது பார்க்கமாட்டார். "பேசறப்ப எல்லாரும்தான் ஏதாவது பண்ணுவாங்க. பேசாம நிக்கிறப்ப பாருங்க" என்பார். இன்னொருத்தர் பேசிக்கொண்டிருக்கும்போது, சும்மா நிற்கிற ஆளின் மேல் நம் கண் தானாகப் போனால் அந்த ஆளிடம் சரக்கு இருக்கிறது. போகவில்லையா, இல்லை. அவருடைய கணிப்பு ஒருமுறைகூடத் தப்பியதில்லை. நடிகர் தேர்வு நெருங்கினால் பிள்ளைகள் டீ வாங்கிக்கொண்டு வந்து, "அண்ணே, எனக்கு வருமா, சொல்லுங்கண்ணே" என்று நச்சரிப்பார்கள். "முதல்ல நல்லா சாப்பிட்டு உடம்பத் தேத்து" என்று மழுப்பி அனுப்பிவிடுவார்.

அதே துறையில் அவருடைய ஒரே மகள் சேர்ந்தாள்.

முதல் இரண்டு வருஷம் அவர் எப்படியோ ஓட்டிவிட்டார். மகள் மேடையேறும் நேரம் பார்த்து அவருக்குப் பட்டறையில் தலைபோகிற வேலை வந்துவிடும். ரம்பத்தைப் போட்டுவிட்டால் வெளிச்சத்தம் எதுவும் காதில் விழாது. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மனைவிதான் லீவு போட்டுவிட்டு வந்து முன் வரிசையில் உட்காருவாள். "ஏங்க, நம்ம பிள்ளை என்னமா பேசினா தெரியுமா? அங்கேயே இருந்துகிட்டு வந்து பார்க்கமாட்டீங்களா?" என்று திட்டுவாள். அவர் கையிலிருக்கும் பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

மூன்றாம் வருஷக் கடைசி நாடகத்தில் தப்பிக்க வழியில்லாமல் போய்விட்டது. இடிக்கப்போகிற வீட்டைக் காலி செய்யமாட்டேன் என்று தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் கதை. மேடை முழுக்க ஒரே அறை. நடுவில் ஒரு கதவு. கதவை அறைந்து சாத்தினால் சுவர் ஆடக்கூடாது. மேடைச் சுவர் என்பது மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி வண்ணம் பூசியதுதானே, சும்மா தட்டினாலே படகுப் பாய் மாதிரி அசையும். அதனால் ஒத்திகை நடக்கும்போதே பக்கத்தில் நின்று, முட்டுக் கொடுப்பதும் எடை வைப்பதுமாக அவர் வேலை செய்ய வேண்டியிருந்தது.

முக்கிய வேடம் மகளின் தோழிக்கு. தலைமுடியை வைத்து அவளுக்குச் சுருட்டை என்று பட்டப்பெயர். மகளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி வேடம், மொத்தம் இரண்டு வசனம். அதோடு சுருட்டைக்கு ஏதாவது ஆனால் அந்த இடத்தில் நிற்க வேண்டிய மாற்று ஆளும் அவள்தான். அவள் எல்லார் வசனத்தையும் மனப்பாடம் செய்துவிட்டாள். ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. யார் எங்கே நிற்க வேண்டும், எந்தக் கையில் பாத்திரம் இருக்க வேண்டும் என்று யார் மறந்தாலும் அவளைத்தான் கேட்டார்கள்.

முட்டுக்கட்டைக்கு ஆணி அடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் பார்த்துவிட்டார். சுருட்டை ஜன்னலோரம் பேசிக்கொண்டிருந்தாள். மகள் படியருகே சும்மா நின்றாள். பெற்ற தகப்பனின் கண். அதுவே அவள் மேல் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனது. இழுத்துப் பிடித்துத் திரும்ப மகள் மேல் வைத்தார். மறுபடி போனது.

நாடகத்துக்கு நாலு நாள் இருக்கும்போது சுருட்டைக்கு மஞ்சள் காமாலை என்று தகவல் வந்தது. மாற்று ஆள் மேடையேற வேண்டியதுதான். வீட்டில் தாய்க்கும் மகளுக்கும் தலைகால் புரியவில்லை. தோழிக்கு உடம்பு சரியில்லாதபோது சந்தோஷப்படுகிறோமே என்று மகள் ஒரு நிமிடம் அழுவாள், அடுத்த நிமிடம் கண்ணாடி முன்னால் நின்று வசனம் சொல்வாள். மனைவி நோட்டைப் பிடித்துக்கொண்டு, வீட்டைக் காலி செய்யச் சொல்லி வரும் அதிகாரியின் வசனத்தை வாசித்தாள்.

"அம்மா, நீ அதிகாரி. கொஞ்சம் மிரட்டலாச் சொல்லு."

"எனக்கு மிரட்ட வராதுடி. உங்கப்பாவக் கூப்பிடு."

"அப்பாவுக்கா? நல்லா மிரட்டுவாரே!" என்று இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார்.

மறுநாள் காலை அவர் இயக்குநர் மேடத்தின் அறைக்குப் போனார். அந்தம்மாதான் நாடகத்தை இயக்குகிறவர், துறைத் தலைவரும்கூட. பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் அவர் அந்த அறைக்குள் உட்கார்ந்து பேசியது நாலைந்து தடவைதான்.

"மேடம், ஒண்ணு கேட்கணும். மறைக்காம சொல்லணும். என் பொண்ணுக்கு வருமா?"

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அவ ஒரு வசனம் விடமாட்டா. நேரத்துக்கு வந்துடுவா. இந்த நாடகத்தை அவ காப்பாத்திடுவா."

"நான் அதைக் கேட்கல."

"பத்தொன்பது வருஷமா பாக்கறீங்கண்ணே. உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப்போறேன்?"

அவர் தரையைப் பார்த்தார். "அப்புறம் எப்படி மேடம் சேர்த்தீங்க?"

மேடம் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "நேர்காணல்ல மூணு பேர் இருந்தோம். மத்த ரெண்டு பேரும் வேண்டாம்னாங்க. அதுக்கு முந்தின வாரம் நீங்க வந்து, 'என் பொண்ணு வர்றா மேடம்'னு சொல்லிட்டுப் போனீங்க. இத்தனை வருஷத்துல உங்களுக்குன்னு நீங்க எதுவும் கேட்டதில்ல. எனக்கு மனசு கேட்கல. நான்தான் பிடிவாதமா நின்னு சேர்த்தேன்."

"நான் சிபாரிசுக்குச் சொல்லல மேடம். சும்மா, சந்தோஷத்துல சொன்னேன்."

"தெரியும். தப்பு என்மேலதான்."

தப்பு யார்மேல் என்று பிரித்து எடுத்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது? பட்டறைக்குத் திரும்பியவர் ஒரே பலகையை மூன்று முறை அளந்தார், மூன்று முறையும் அளவு மறந்துபோனது.

முதல் நாள் காட்சி சாயங்காலம் நாலு மணிக்கு. கதவு நிலையைப் பிடித்துக்கொள்ள அவர் சுவருக்குப் பின்னால் நின்றார். துணியில் இருந்த சின்னக் கிழிசல் வழியாக மேடை தெரிந்தது. மகள் வந்தாள், பேசினாள், படியேறினாள், இறங்கினாள். எல்லாம் சரியாக இருந்தது. வெளிச்சம் விழும் இடத்தில் அங்குலம் பிசகாமல் நின்றாள். ஆனால் கூட்டத்தில் முதலில் ஒருத்தர் இருமினார். பிறகு இரண்டு பேர். ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. கூட்டம் நாடகத்தைவிட்டு நழுவும்போது இப்படித்தான் சத்தம் வரும். எத்தனையோ நாடகங்களில் அவர் கேட்டிருக்கிறார்.

அதிகாரியோடு சண்டை போட்டுவிட்டு அந்தப் பெண் வெளியே போய்க் கதவை அறைந்து சாத்துகிற கட்டம் வந்தது. அவள் அரை நிமிடம் கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும். பிறகு திறந்துகொண்டு உள்ளே போக வேண்டும். கதவு அறைந்தது. சுவர் ஆடவில்லை. இருட்டில் மகள் அவர் பக்கத்தில் நின்றாள். சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை சில்லிட்டிருந்தது. மூச்சு வாங்கியது.

"அப்பா, நல்லா போகுதுல்ல?" என்று கிசுகிசுத்தாள்.

நிலை இடுக்கில் கசிந்த வெளிச்சம் அவள் முகத்தில் கோடாக விழுந்தது. அந்த முகத்தைப் பார்த்து அவர் அரண்டுபோனார். பயம், ஆசை, கெஞ்சல், சந்தோஷம் எல்லாம் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடின. கண்ணை எடுக்க முடியவில்லை. சுருட்டையிடம்கூட அப்படி ஒரு முகத்தை அவர் கண்டதில்லை. இந்த முகத்தோடு இவள் உள்ளே போனால் போதும், கூட்டம் மூச்சுவிடாது. அவர் தலையாட்டினார். அவள் கையை விட்டாள், கதவைத் திறந்தாள், வெளிச்சத்துக்குள் ஓர் அடி எடுத்துவைத்தாள். அவ்வளவுதான். சுவிட்சைத் தட்டிவிட்டமாதிரி முகம் அணைந்துபோனது. மனப்பாடம் செய்த முதல் வசனத்தை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள்.

கடைசியில் கைதட்டினார்கள். பரிதாபத்துக்குத் தட்டும் கைதட்டலுக்கு ஒரு தனி நீளம் உண்டு, அது தேவைக்கு மேல் கொஞ்சம் நீளும். மேடம் மகளைக் கட்டிக்கொண்டு, "காப்பாத்திட்டம்மா" என்றார். மனைவி அழுதுகொண்டே பூங்கொத்தை நீட்டினாள்.

பஸ்ஸில் தாய் முன் சீட்டில் தூங்கிவிட்டாள். மகள் அவர் பக்கத்தில் இருந்தாள்.

"சொல்லுங்கப்பா. எப்படி இருந்துச்சு?"

"கதவு ஆடவே இல்ல, பார்த்தியா?"

"நான் கதவப் பத்திக் கேட்கலப்பா."

"ஒரு வசனம்கூட விடலியேம்மா நீ."

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க" என்றாள். பூங்கொத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடு வரும்வரை திரும்பவில்லை.

இரண்டாம் நாளும் அவளே நடித்தாள். அதே இருமல், அதே கைதட்டல். மூன்றாம் நாள், டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் சுருட்டை வந்து நின்றாள். கண் இன்னும் மஞ்சளாக இருந்தது. கடைசி நாள் நாடகத்தை மட்டுமாவது செய்துவிடுகிறேன் என்று மேடத்தின் காலைப் பிடிக்காத குறை. மகள் வேடத்துச் சேலையைக் கழற்றி மடித்துக் கொடுத்தாள். தோழிக்குக் கொண்டை போட்டுவிட்டதும் அவள்தான்.

சுருட்டைக்கு நிற்கவே தெம்பில்லை. இரண்டு வசனத்தை விழுங்கினாள். படியேற முடியாமல் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூட்டத்தில் ஒரு இருமல் இல்லை. மகள் தன் இரண்டு வசனத்தைச் சொல்லி முடித்துவிட்டு வந்து, தகப்பனுக்குப் பக்கத்தில் நின்று கிழிசல் வழியாகப் பார்த்தாள். நாடகம் முடியும்வரை பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்பா" என்றாள், கண்ணை எடுக்காமல். "ரெண்டாம் வருஷத்துலயே தெரியும்."

"அப்புறம் ஏன்மா..."

"வேற எது மேலயும் ஆசை வரமாட்டேங்குதே. நான் என்னப்பா பண்ணட்டும்?"

வெளியே கூட்டம் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தது. கூட்டத்தைக் கும்பிட மேடைக்கு வரச் சொல்லி யாரோ கூப்பிட, மகள் ஓடிப்போய் வரிசையின் ஓரத்தில் நின்றுகொண்டாள்.

பட்டம் வாங்கினாள். ஒன்றரை வருஷம் நாடகக் குழு, விளம்பரம், சீரியல் என்று ஒவ்வொரு தேர்வாகப் போய் வரிசையில் நின்றாள். எல்லா இடத்திலும் "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். பிறகு ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே அவளைத் தங்கமான பிள்ளை என்றார்கள். சாப்பிடும்போது தகப்பன் நாடகத் துறையைப் பற்றி ஏதாவது பேச்செடுத்தால், "ரசம் ஊத்தவாப்பா?" என்பாள். மனைவியும் கேட்பதை விட்டுவிட்டாள். சரி, ஆறிவருகிறது, காலம் போனால் தழும்பாகிவிடும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வாசலில் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். துணி காயப்போட்டுவிட்டு வந்த மகள் பக்கத்தில் குந்தினாள்.

"அப்பா, ஒண்ணு கேட்கட்டுமா? அன்னிக்கு நேர்காணல்ல என்கிட்ட ஏதோ பார்த்துத்தானே எடுத்தாங்க? நூத்துக்கணக்கான பேர் வந்தாங்க. சும்மா எடுத்திருக்கமாட்டாங்கல்ல? மேடம் உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

ஊசி அவர் கையில் அப்படியே நின்றது. சொல்லிவிட வேண்டியதுதான். ஒரு வெட்டு, ஒரு வலி, அதோடு தீர்ந்தது. அவர் நிமிர்ந்தார். மகளின் முகத்தில் மறுபடி அதே முகம். அன்றைக்கு இருட்டில், கதவுக்குப் பின்னால் பார்த்தது.

"சொன்னாங்க" என்றார். "அன்னிக்கு வந்ததுலயே நீதான் நல்லா செஞ்சேன்னு சொன்னாங்க."

"நிஜமாவா? ஏம்பா இத்தனை நாள் சொல்லல?"

"தலைக்கனம் வந்துடும்னுதான்."

அவள் சிரித்தாள். வெகுநாளைக்கு அப்புறம் வந்த சிரிப்பு. எழுந்து உள்ளே போய், "அம்மா, கேட்டியா?" என்று ஆரம்பித்தாள். அடுத்த வாரமே ஆபீசில் லீவு சொல்லிவிட்டு, புதுப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, ஒரு நாடகக் குழுவின் தேர்வுக்குப் போனாள். அடுத்த மாதம் இன்னொன்று. லீவு அதிகம் என்று ஆபீசில் கடிதம் கொடுத்தார்கள், வேலையை விட்டாள். இப்போது மூன்றாவது இடத்திலும் சொல்லி அனுப்புகிறோம் என்றிருக்கிறார்கள்.

காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது அவள் கண்ணாடி முன்னால் நின்று வசனம் சொல்லிக்கொண்டிருப்பாள். ஒரு எழுத்து பிசகாது. அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் அந்த அறையைத் தாண்டிப்போவார்.