முதலில் பங்களாவுக்கு

2024 பிப்ரவரி 19 அன்று, குன்னூருக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தை பெங்களூரு மென்பொருள் நிறுவனம் ஒன்று வாங்கியது.

1

கணினித் தொழிலின் செல்வம் எதன்மேல் எழுந்தது என்று ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் வரி: "வெள்ளைக்காரத் துரை காட்டை அழித்துத் தேயிலை நட்டபோது, ஊற்றிலிருந்து தன் பங்களாவுக்கு ஒரு குழாய்..."

அதற்கு மேல் கட்டுரை நகரவில்லை. குழாயைத் திறக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. தங்கவேலு என்று பேர் வைத்தேன்.

2

துரை போட்ட ஒழுங்கு: முதலில் பங்களாத் தொட்டி நிறைய வேண்டும், மிச்சம்தான் தொழிலாளர் லயன் வீடுகளுக்கு. தோட்டம் கைமாறிக்கொண்டே இருந்தது, ஒழுங்கு மாறவில்லை. தங்கவேலு மட்டும் விடியுமுன் லயன் வால்வை ரகசியமாகத் திறந்து வைப்பார். (ரொம்ப நல்லவராக்கிவிட்டேனோ? அவர் வீடும் லயனில்தான்.)

3

பங்களா, நிறுவனத்தின் விருந்தினர் விடுதியானது. வால்வுகளைக் கணினியோடு இணைக்க ஷஹானா என்ற பொறியாளர் வந்தாள்.

"இத்தன நாளா எப்படித் திறந்தீங்களோ அப்படியே சொல்லுங்கண்ணா. அதையே போட்டுடறேன்."

"பங்களா நெறைஞ்ச பொறகுதாங்க மேடம் லயனுக்கு."

"மாத்துனதே இல்லையா?"

"இல்லீங்க."

வேலை போய்விடும் என்று பயந்து எல்லா மேனேஜரிடமும் சொல்லிவந்த பதில். கணினி அதை நம்பியது. விருந்தினர் வந்து தண்ணீரைச் செலவழித்ததில் பங்களாத் தொட்டி நிறையவே இல்லை. லயன் காய்ந்தது.

4

"ஏனுங்க, கம்ப்யூட்டருக்கு நீங்கதான் பாடம் சொல்லிக் குடுத்தீங்களாமே," என்றாள் அவர் மனைவி அன்னம், காலிக் குடத்தை முன்னால் வைத்து. "நல்லாத்தான் படிச்சிருக்குது."

"உண்மையச் சொன்னா, இத்தன வருசமா ஏமாத்துனியாம்பாங்க. அடுத்த வருசம் ரிட்டயரு. கம்பெனிக்காரங்க மனசு வெச்சாத்தான் இந்த ஊட்டுல இருக்க முடியும்."

"தண்ணியில்லாத ஊட்ட வெச்சுட்டு என்ன பண்றது? போய்ச் சொல்லுங்க."

5

முடிவு ஒன்று: அவர் சொல்கிறார், ஷஹானா நிரலில் ஒரே வரியை மாற்றுகிறாள். [நூற்றாண்டு ஒழுங்கு ஒரு வரியில் மாறக்கூடியது என்பதுதான் என்னை உறுத்துகிறது.]

முடிவு இரண்டு: அவர் சொல்லவில்லை. அன்னம் லயன் வால்வை ஒரு கல்லால்...

இரண்டையும் அடித்துவிட்டேன். பிடித்ததை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். என்னால் எழுத முடிந்தது இவ்வளவே:

தங்கவேலு புதன்கிழமை விடுதிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். ஒழுங்கை மாற்றலாமா என்று ஷஹானா பெங்களூருக்குக் கேட்டு எழுதினாள். மழைக்காலத்தில் பரிசீலிக்கலாம் என்று பதில் வந்தது. ஓய்வுபெறும் மாதமே வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தங்கவேலுவிடம் சொன்னார்கள்.