புதர் மேலேதான்

விமானத்தின் வயிற்றில் ஓட்டை போட்டுப் பொருத்திய கேமரா, கீழே மொஹாவி பாலைவனத்தைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தது. வெளிறிய மண்ணில் கரும்புள்ளிகளாகப் புதர்கள். எனக்கு அந்தப் புதர்கள்தான் வேண்டும். ஒலியை மிஞ்சிப் பறக்கும் ஜெட்டைச் சுற்றிக் காற்று இறுகி அலையாக நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. மேலிருந்து அந்த அலையின் ஊடாகப் பார்த்தால், தரையிலுள்ள புதர் மயிரிழை நகர்ந்தாற்போல் இருக்கும். எந்தெந்தப் புதர் நகர்ந்தது என்று கண்டுபிடித்தால் அலையின் உருவம் கிடைத்துவிடும்.

போன தடவை எங்கள் தலைவர் ரஸ்ஸல், வறண்ட ஏரி மேல் பறக்கச் சொன்னார். துடைத்துவைத்த வெள்ளைத் தரை, பார்க்க அழகு. படத்தில் ஒன்றுமில்லை. கூட்டத்தில் என் கேமராவைக் குறை சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இன்றும் படம் வராவிட்டால் கேமராவைக் கழற்றி, ஓட்டையைத் தகடு வைத்து அடைத்துவிடுவார்கள். என் ஆறு வருட வேலை அதோடு முடிந்தது.

"லோரெட்டா, புதர்க்காட்டுல மேக நிழல் விழுது. ஏரி மேல போயிடுங்க," என்றார் ரேடியோவில்.

"அங்க புதர் இல்ல, ரஸ்ஸல்."

"ஜெட்ல ஒரு ஓட்டத்துக்குத்தான் எரிபொருள் இருக்கு. வாதம் வேணாம்."

எங்கள் விமானி க்ளின்ட் ஏரிப்பக்கம் திருப்பினார். "என்மேல கோவப்படாத, மகாராணி. உத்தரவு."

ஆனால் ஜெட் எப்போது பாய வேண்டும் என்பதைக் கேமராவில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். "வா" என்று என் குரல் கேட்காமல், தொலைவில் ஜெட்டில் வட்டமடிக்கும் ஹார்லன் கிளம்ப மாட்டான். அதில் தலைவரும் தலையிடுவதில்லை.

திரை முழுக்க வெள்ளையானது. நான் வாயைத் திறக்கவில்லை.

"லோரெட்டா, கேக்குதா?"

எனக்குப் பயம்தான். கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"வாயில கொழுக்கட்டையா?" என்றார் க்ளின்ட்.

"புதர்ப் பக்கம் திருப்புங்க. அப்புறம் பேசறேன்."

என்னை ஒருமுறை பார்த்தார். திருப்பினார்.

"எரிபொருள் கொறையுது," என்றான் ஹார்லன். "இப்போ இல்லன்னா வீட்டுக்குத்தான்."

நிழல் பாதிதான் விலகியிருந்தது. மீதிப் பாதியில் வெயில்.

"வா," என்றேன்.

எங்களுக்குக் கீழே ஏதோ மின்னி மறைந்தது. அவ்வளவுதான்.

"கெடச்சுதா?" என்றார் ரஸ்ஸல். படங்களை ஒவ்வொன்றாக ஓட்டினேன். நிழல், மண், புதர். பிறகு வெயில் விழுந்த பக்கம், ஒரு சாய்வான வரிசையில் புதர்கள் மட்டும் துளி நகர்ந்து, தம் இடத்துக்கே திரும்பின.