கல்லுக்கு உள்ளே

சித்தப்பா அப்பாவின் கால்களைப் பிடித்து இழுத்தார். சோளத்தட்டைகள் மடங்கி மடங்கி நிமிர்ந்தன.

"வேடிக்கை பாக்காம தோளைப் பிடி. காட்டுக்குள்ள செத்தா நஷ்டஈடு கிடையாது. நம்ம நிலத்துல செத்தாதான் பன்னி கொன்னுச்சுன்னு எழுதுவான்."

அவள் பிடித்தாள். காட்டுப்பன்றி கிழித்த தொடையை அப்பா சாகும் முன் தன் துண்டாலேயே கட்டியிருந்தார். அரைகுறையாக. எதையும் முழுசாகச் செய்து அவருக்குப் பழக்கமில்லை.

தலை எல்லைக்கல்லைத் தாண்டியதும் சித்தப்பா கால்களைக் கீழே போட்டார்.

"இன்னும் கொஞ்சம் இழுக்கலாம் சித்தப்பா."

"எனக்குத் தெரியாத எல்லையா? வாய மூடு."

மூடிக்கொண்டாள். நான்கு கோடையாக, கோடைக்கு இரண்டடி, அப்பா அந்தக் கல்லைக் காட்டுக்குள் நகர்த்தியிருந்தார். அவர் கடப்பாரையால் நெம்பும்போது கல்லைத் தாங்கிப் பிடித்தவள் அவள்தான்.

சித்தப்பா ரத்தத்தின் மேல் காலால் மண்ணைத் தள்ளினார். "எதுக்கும் மூளை வேணும்" என்றார், அது இருப்பவர் போல.

வனக்காவலர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். வரைபடத்தை விரித்தார். கிணற்று மூலையிலிருந்து டேப்பை இழுத்துக்கொண்டே, முற்றிய சோளத்தை மிதித்து நடந்தார். அப்பாவின் பாதத்துக்கு இரண்டடி முன்னால் நின்றார்.

"உங்க நிலம் இதோட முடிஞ்சுது. அந்தப் பக்கம் எங்களுது. அத்துமீறி நுழைஞ்சார்னுதான் எழுத முடியும்."

சித்தப்பா கல்லைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் அவருடைய செருப்பைப் பார்த்தாள்.

அதுவரை வரப்பில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தாள்.

"பன்னி யாருது?"

"அதுவும் எங்களுதுதான்மா."

"அது நாலு வருசமா எங்க சோளத்தத் தின்னுதே. அது அத்துமீறல் இல்லியா?"

"என்னம்மா பேசுறீங்க. அது வாயில்லா ஜீவன்."

"இவருக்கு மட்டும் இப்ப இருக்கா?"

வனக்காவலர் குனிந்து எழுதத் தொடங்கினார். சித்தப்பா அவருக்குப் பேனா மூடியை எடுத்துக் கொடுத்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை அம்மா சாக்கை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள். அவளும் பின்னாலேயே போனாள். சித்தப்பா தள்ளிய மண்ணில் புதுக் குளம்படிகள் பதிந்திருந்தன. கல்லைத் தாண்டி, டேப் நின்ற இடத்தைத் தாண்டி, நேராக உள்ளே போயிருந்தன.

"எதுவரைக்கும்மா ஒடிக்கணும்?" என்றாள்.

அம்மா கல்லில் சாக்கை மாட்டினாள். அதன் அடியில் நின்ற கதிரை முதலில் ஒடித்தாள்.