தேடாத கோப்பு

"காலையிலயே அனுப்பிட்டேன்னு சொல்றேன்ல?"

"அனுப்பியிருந்தா லாக்ல இருக்கணுமே தாயே! தேடிட்டேன், ஒரு வரிகூட இல்ல. கனவுல அனுப்பியிருப்ப."

நேற்று அலுவலகக் கூட்டத்தில் மனைவியிடம் அவன் சொன்னது. எல்லோரும் சிரித்தார்கள். அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

பேருந்து முன்பதிவு நிறுவனம் ஒன்றில் அவன் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவன். அவள் பயணிகள் சேவைப் பிரிவு. வண்டி ரத்தான செய்தி போய்ச் சேராமல் பயணிகள் மழையில் நின்றதற்கு அவள்தான் காரணம் என்று முடிவாயிற்று. இன்று காலை மேனேஜர் அவளைப் பார்சல் பிரிவுக்கு மாற்றிவிட்டார்.

சர்வரில் இடம் குறைகிறது என்று எச்சரிக்கை வந்ததால் நடந்ததையெல்லாம் பதிந்துவைக்கும் லாக் கோப்புகளில் பழையவற்றை அழிக்க உட்கார்ந்தவனுக்குக் கை அப்படியே நின்றது. நேற்றைய தேதியில் இரண்டு கோப்புகள். லாக் அளவுக்கு மீறிப் பெருத்தால் அதைச் சுருக்கி ஓரமாக வைத்துவிட்டு, புதிதாக ஒன்றைத் தொடங்கும்படி ஏற்பாடு செய்தவனே அவன்தான். நேற்று மதியம் அது நடந்திருக்கிறது. தேடுவதற்கு அவன் கொடுத்த கிரெப் கட்டளை புதிய கோப்பை மட்டும் துழாவிவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறது.

சுருக்கிய கோப்புக்குள்ளும் தேடும் இசட்கிரெப்பை அடித்து, பேருந்தின் எண்ணைக் கொடுத்தான். அவள் பெயரோடு வந்து நின்றது அந்த வரி. காலையிலேயே அனுப்பியிருக்கிறாள். செய்தியை வாங்காமல் திருப்பியது அவன் பொறுப்பில் இருக்கும் சர்வர்.

காது மடல்வரை சுட்டது. எல்லோருக்கும் மெயில் எழுதினான். 'தொழில்நுட்பக் காரணத்தால்' என்று தொடங்கி, கூசிப்போய் அழித்துவிட்டு, 'என் தவறு' என்று எழுதி அனுப்பினான்.

பார்சல் பிரிவில் அவள் ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"மெயில் பாத்தியா?"

"பாத்தேன். மேனேஜர் நாளைக்குப் பழைய சீட்டுக்கே வரச் சொல்லிட்டார்."

"திட்டேன்மா. நாலு வார்த்தை திட்டு, தாங்கிக்கிறேன்."

"திட்டினா உங்களுக்கு நிம்மதியாயிடும். அவ்வளவு சுலபமா விடமாட்டேன்."

அவள் டேப்பைக் கீழே வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து தொண்டைவரை வந்து வந்து திரும்பிப் போனதை இன்று விழுங்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேங்க. நான் ஒண்ணு சொன்னா, அது உண்மையான்னு தேடிப் பாக்கறதுக்கு முன்னாடி, என்னை நம்புங்க."