கூப்பிடாத வாசல்

பசிபிக் கடலில் ஒரு பொட்டுத் தீவில் பத்தொன்பது வருஷம் ஊழியம் செய்தவர் நிரஞ்சன் போதகர். அந்தத் தீவில் ஒரு வழக்கம். யார் வீடானாலும் உள்ளே இருப்பவர்கள் கூப்பிடும்வரை வாசலில் பேசாமல் நிற்கவேண்டும். குரல் கொடுப்பதும் தானாக நுழைவதும் பெரிய அவமரியாதை. மனுஷனுக்கு அது ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. வந்த வினையே அதுதான்.

அம்மா செத்த செய்தி, மாதம் ஒருமுறை வரும் படகில், இருபது நாள் கழித்துத்தான் அவருக்குக் கிடைத்தது. எல்லாக் காரியத்தையும் தங்கை பரிமளம் ஒற்றை ஆளாக முடித்திருந்தாள். அதன்பிறகு ஆறு வருஷம் அவள் அவரோடு பேசவில்லை. இப்போது இலங்கை மலைநாட்டில் சொந்த ஊரான மஸ்கெலியாவுக்கு வந்திருக்கிறார். ஊரோடு தங்குகிறீர்களா, தீவுக்கே திரும்புகிறீர்களா என்று சபை கேட்டிருந்தது. இன்றைக்குள் சொல்லியாகவேண்டும். "வா அண்ணே" என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் தங்கிவிடுவது என்ற முடிவோடுதான், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு ஏறினார்.

கதவு திறந்தே கிடந்தது. உள்ளே பரிமளம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள், குனிந்துகொண்டாள். அவர் நின்றார். தூறல் பிடித்தது, அப்போதும் நின்றார். ஒரு மணி நேரம்! சட்டை தொப்பலாக நனைந்தும் அவள் கூப்பிடவில்லை. கல்நெஞ்சக்காரி என்று நினைக்க நினைக்க அழுகை முட்டியது. இனி நமக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? பஸ் ரோட்டுக்கு இறங்கினார். போனை எடுத்து, "தீவுக்கே போறேன்" என்று சபைக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

போனைச் சட்டைப்பையில் போடுவதற்குள் பக்கத்து வீட்டு நாகலெட்சுமி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"என்னாங்க நீங்க! அது அங்க தலையில அடிச்சிக்கிட்டு அழுவுது. 'பொறந்த வீட்டுக்குள்ள வர எங்கண்ணனுக்கு வெத்தல பாக்கு வைக்கணுமா? லயத்துல கால் வைக்க அருவருப்பா?'ன்னு கேக்குது. நீங்க வர்றது தெரிஞ்சு இன்னைக்கு வேலைக்கும் போவாம கோழி ஆக்குதுங்க!"

அடக் கடவுளே! ஐம்பது வயது மனுஷன், வழுக்குகிற படியில் விழுந்தடித்து ஓடினார். கேட்காமல், நிற்காமல், நேரே அடுப்படிக்குப் போனார்.

பரிமளம் திரும்பவில்லை. "ஒக்காரு. சோறு போடுறேன்" என்றாள்.

அவர் முதல் வாய் எடுத்து வைத்தபோது பின்னால் வந்து, முந்தானையால் அவர் தலையைத் துவட்டினாள்.

"இனிமே எங்கயும் போவமாட்டதானே, அண்ணே?"

அடுத்த வாய்க்கு எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். தீவில் அவரை நம்பியிருக்கிற சனங்களுக்கு வேறு போதகர் இல்லை. கொடுத்த வாக்கு கொடுத்ததுதான்.

"பரிமளம்..." என்று ஆரம்பித்தார்.

தலைமேல் இருந்த அவள் கை அப்படியே நின்றுவிட்டது.