அசையாமல் ஒரு மணி நேரம்

"ஒரு மணி நேரம் அசையக் கூடாதுண்ணே. பேசக் கூடாது, போனையும் நோண்டக் கூடாது," என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண். கதிரியக்கம் கலந்த சர்க்கரை மருந்தை அப்போதுதான் என் கை நரம்பில் ஏற்றியிருந்தாள். "நோய் மிச்சம் இருந்தா இந்தச் சர்க்கரையை அள்ளித் தின்னும். தின்ன இடம் படத்துல பளிச்சுனு தெரியும்."

ஆறு தடவை கீமோ ஏற்றியாகிவிட்டது. இடது அக்குள் கட்டி இப்போது கைக்குத் தட்டுப்படவில்லை. படத்திலும் தெரியாவிட்டால் விட்டது சனி. தெரிந்தால் இன்னும் கடுமையான மருந்து.

கதவை ஒருக்களித்துவிட்டுப் போனாள். இருபத்தெட்டு வருஷம் மூட்டை தூக்கியவன் நான். சும்மா கிடப்பது முதுகில் முள்ளாகக் குத்தியது. அந்த நேரம் பார்த்து நடையில் ஓர் இரும்பு பீரோ வந்து சேர்ந்தது. இரண்டு பேர் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பிடித்திருந்த லட்சணத்தைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

"யோவ், சாய்ச்சுத் தூக்குய்யா! விரல் போயிடும்!"

"வாய் மட்டும்தானா? வந்து தூக்குறது!"

போய்த் தூக்கினேன். இடது தோளில் சாய்த்து, நடைக்கோடி அறை வரை கொண்டுபோய் இறக்கினேன். கீமோவுக்குப் பிறகும் உடம்பு கேட்கிறதே என்று ஒரு மிதப்பு. திரும்பி வந்து பச்சைப்பிள்ளை மாதிரி படுத்துக்கொண்டேன்.

நேரமானதும் அவள் வந்தாள். "அசையலையே?"

"கல்லு மாதிரி கிடந்தேன்மா."

"நல்லது. தசை வேலை செஞ்சா அதுவும் சர்க்கரையைத் தின்னுடும், அதான் கேட்டேன்."

எழுந்து நாலடி நடந்தேன். அதற்கு மேல் கால் வரவில்லை.

"தங்கச்சி, ஒரு பீரோ தூக்கினேன்."

"என்னது?"

"சின்ன பீரோதான்."

"எந்தத் தோள்ல?"

இடது தோளைத் தொட்டுக் காட்டினேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"பரவாயில்ல, எடுத்துடும்மா. நாளைக்கு டாக்டரைப் பாக்கணும்."

"எடுத்தா அக்குள் பக்கம் பளிச்சுனு வரும். அது நோயா, நீங்க தூக்கின பீரோவான்னு டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ஊசியில போன கதிரே இன்னைக்கு வீண். உதவாத படத்துக்கு மிஷின் கதிர் வேறயா? டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன். ரெண்டு நாள் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாது."

வெளியே காத்திருந்த என் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். "வீட்டுல ஒரு நாற்காலிய நகர்த்தச் சொன்னா இடுப்பு வலின்னு சொல்ற ஆளு! ஊரான் வீட்டுப் பீரோன்னா மட்டும் இனிக்குதோ?"

இரண்டு நாள் என்னை எதையும் தொடவிடவில்லை. மறுபடி ஊசி. இந்த முறை கதவை முழுசாகச் சாத்தினார்கள். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். இருபத்தெட்டு வருஷத்தில் இவ்வளவு கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை.

மறுநாள் டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். மூளையும் இதயமும் மின்னின. அவை எப்போதும் அப்படித்தானாம். அக்குள் இருட்டாகக் கிடந்தது.

"சுத்தமா இருக்கு. இனி கீமோ வேண்டாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க."

"வேலைக்கு எப்போ போகலாம் டாக்டர்?" என்றேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "அதை நான் சொல்றேன்," என்றாள். சொல்ல முடியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.