ஜன்னலில் சகலை

நானும் என் சகலையும் ஏழு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. அக்காவை நான் கட்டினேன், தங்கையை அவன் கட்டினான், இருவருக்கும் ஒரே லாரியில் பிழைப்பு. ஆனாலும் பேச்சு இல்லை. ஒரு விருந்தில் சொந்தபந்தம் அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு, "இவனுக்கு ஒழுங்காக் கட்டத் தெரியாது. நான் இல்லேன்னா இவன் ஏத்துற சரக்கெல்லாம் ரோட்டுலதான் கிடக்கும்" என்று சொல்லிவிட்டேன். வேடிக்கைக்குச் சொன்னதுதான். எல்லாரும் சிரித்தார்கள், அவனைத் தவிர.

அதன் பிறகு வேலையைப் பிரித்துக்கொண்டோம். டிரெய்லரில் சரக்கைக் கட்டும் முன்பக்கத்து பெல்ட்டுகள் எனக்கு, பின்பக்கத்து பெல்ட்டுகள் அவனுக்கு. அவன் இறுக்கியதை நான் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. பார்த்தால் மறுபடி குத்திக்காட்டியதாகிவிடும். யாராவது சரக்குக்குள் புகுந்தால் ஓட்டுபவன் பக்கத்துக் கதவின் கைப்பிடியில் துண்டைக் கட்டிவிட்டுப் போவது மட்டும் பழைய வழக்கப்படி தொடர்ந்தது. துண்டு தொங்கினால் வண்டி நகராது.

அன்று காலை ஏற்றியது ஒரு மரவீடு. ஒற்றை அறை, ஒரு கதவு, பக்கவாட்டில் ஒரு ஜன்னல், உள்ளே சுவரோடு ஓர் அலமாரி. கூரை விளிம்பு நசுங்காமல் மூலைகளுக்கு ரப்பர் கொடுத்து என் பெல்ட்டுகளை இறுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். கைப்பிடியில் துண்டு இல்லை. இருக்கைக்குப் பின்னால் இருந்த படுக்கையின் திரை மூடியிருந்தது. சண்டைக்குப் பிறகு என் சகலைத் துரை அதற்குள் படுத்துக்கொண்டுதான் வருவார். வண்டியைக் கிளப்பினேன்.

வழியெல்லாம் பனி. மரங்கள் பாதியில் தொடங்கிப் பாதியிலேயே முடிந்தன. வண்டி ஓடுகிறதா, நான் சும்மா உட்கார்ந்திருக்க உலகம்தான் பின்னால் போகிறதா என்று புரியவில்லை. அந்த வெள்ளையில் எனக்கே மனசு இளகிவிட்டது.

"டீ குடிக்கலாமாடா?" என்றேன் திரையைப் பார்த்து.

திரை அசையவில்லை.

"நானா இறங்கி வந்து பேசினாலும் உனக்குக் கொழுப்புதான்."

பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தேன். பனிக்குள் அந்த வீடு மிதந்து வந்துகொண்டிருந்தது. ஜன்னலில் ஓர் ஆள் நின்றிருந்தான், தூங்கி எழுந்து வெளியே எட்டிப் பார்க்கும் வீட்டுக்காரனைப் போல. கொஞ்ச நேரம் அதை ரசித்தேன் என்றால் நம்ப மாட்டீர்கள். அப்புறம்தான் அது என் சகலை என்று உறைத்தது. திரையை எட்டி இழுத்தேன். படுக்கை காலி.

அலமாரிக் கதவு ஆடாமல் கட்டை வைக்க உள்ளே போயிருக்கிறான். துண்டைக் கட்ட என் பக்கம் வந்தால் என் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே, வராமலே போய்விட்டான். நானும் ஒரு குரல் கொடுக்கவில்லை. இப்போது அவன் பின்பக்கத்தைக் காட்டி, இரண்டு கைகளையும் விரித்தான். பின் பெல்ட்டுகளைப் போட்டதோடு சரி, இறுக்கவே இல்லை.

சட்டென்று பிரேக் போட்டால் வீடு வழுக்கும், அவனோடு சேர்ந்து கவிழும். மச்சினி முகத்தில் எப்படி விழிப்பேன்? ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே அவன் உள்ளங்கை கீழ்நோக்கி அமர்ந்தது. மெல்ல, மெல்ல. வளைவு வந்தபோது கை நின்றது. நான் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். வீடு ஒரு பக்கம் முனகியது, பிறகு நேரானது. மறுபடி அந்தக் கை. ஏழு மாதத்தில் அவன் என்னிடம் இவ்வளவு பேசியதே இல்லை. அவன் சொன்னதையெல்லாம் நான் அப்படியே கேட்டேன்.

வண்டி நின்றதும் ஓடினேன். அவன் இறங்கி வந்தான், முகத்தில் ரத்தமே இல்லை. நேராகப் பின் பெல்ட்டுக்குப் போய்ப் பிடியைப் பிடித்தான். நானும் பிடித்தேன். இருவரும் சேர்ந்து இறுக்கினோம்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்புடா," என்றேன்.

அவன் பெல்ட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான்.

"எல்லார் முன்னாடியும்தானே சொன்னீங்க, அண்ணே? இதையும் அவங்க முன்னாடியே சொல்லுங்க."

"சொல்றேன்டா."

"எப்போ?"

ஞாயிற்றுக்கிழமை என்றேன். யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அங்கேயே நின்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினான்.